பிள்ளைகளும் வீட்டு வழிபாடும்: நாவலர் பெருமான் காட்டிய வழி

ஸ்ரீலஸ்ரீ ஆறுமுக நாவலர் என்றவுடன் அவருடைய பிரசங்கங்களும் கண்டனங்களும் வசன நடையுமே எமது நினைவுக்கு வருகின்றன. ஆனால் அவரது உழைப்பில் ஒரு பெரும் பங்கு சின்னஞ்சிறு பிள்ளைகளுக்கே உரியதாக இருந்தது. இல்லறத்தை ஏற்காது பிரமசாரியாகவே வாழ்ந்த அப்பெருமான், ஊரார் பிள்ளைகள் அனைவரையும் தம் பிள்ளைகளாகக் கொண்டார்.

நல்லூரிலே கந்தப்பிள்ளைக்கும் சிவகாமி அம்மையாருக்கும் கடைசி மகனாக 1822 மார்கழி 18ஆம் திகதி அவர் பிறந்தார். ஒன்பது வயதிலே தந்தையை இழந்தார். சரவணமுத்துப் புலவரிடமும் சேனாதிராச முதலியாரிடமும் தமிழ் கற்றார். மெதடிஸ்த மிஷன் பாடசாலையில் ஆங்கிலம் பயின்று, அங்கேயே ஆசிரியராகவும் விளங்கினார். அதன் தலைவரான பேர்சிவல் பாதிரியாரின் விவிலிய மொழிபெயர்ப்புக்கும் துணை நின்றார்.

அப்பாடசாலை வாழ்வில் அவர் ஒன்றை உற்றுநோக்கினார். பாதிரிமார் தமது சமயத்தைப் பிள்ளைகளுக்குப் படிமுறையாகக் கற்பித்தனர். சைவ வீடுகளிலோ பெற்றோர் திருநீறு அணிந்தனர்; கோயிலுக்குச் சென்றனர்; விரதம் பிடித்தனர். ஆனால் அவை எதற்காக என்று பிள்ளை கேட்டால் விளக்கிச் சொல்வோர் அரிதாகவே இருந்தனர். விளக்கம் பெறாத பிள்ளை நாளடைவில் வழிபாட்டை விட்டு விலகிவிடும் என்பதை அவர் உணர்ந்தார்.

ஆகவே 1847 மார்கழி 31ஆம் திகதி வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலிலே பெரியோருக்காகப் பிரசங்கத்தைத் தொடங்கினார். 1848இல் தமது உத்தியோகத்தைத் துறந்து, பிள்ளைகளுக்காக வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். சைவ வீடுகளிற் சேர்த்த பிடியரிசியும் அதற்கு உதவிற்று. அடுப்பில் உலை வைக்கும்போது ஒரு பிடியை எடுத்து வைத்த தாய்மாரும் அத்தொண்டிற் பங்காளர் ஆயினர்.

பள்ளிக்கூடம் மட்டும் போதாது, பிள்ளையின் கையிலே புத்தகமும் இருக்க வேண்டும் என்று கருதி அச்சியந்திரம் வாங்க 1849இல் தமிழகம் சென்றார். அப்பயணத்திலேயே திருவாவடுதுறை ஆதீனம் அவருக்கு நாவலர் பட்டம் சூட்டியது. பின்னர் பாலபாடங்களும் சைவ வினாவிடையும் வெளிவந்தன. 1852இல் வெளிவந்த பெரியபுராண வசனத்தினால் நாயன்மார் சரித்திரத்தை வீட்டிலே எவரும் வாசித்துக் காட்ட முடிந்தது.

சைவ வினாவிடையை ஒருமுறை புரட்டிப் பாருங்கள். கடவுள் யார் என்பதிலே தொடங்கி, திருநீற்றை எத்திசை நோக்கி நின்று, எந்த விரல்களால், நிலத்திற் சிந்தாமல் எவ்வாறு தரிப்பது என்பதுவரை சிறு சிறு வினாக்களாக அமைந்திருக்கின்றது. நாளாந்தக் கடமைகள், கோயிலிற் கும்பிடும் முறை, தேவார திருவாசகங்களை அருளியவர்கள் என யாவும் அதில் உண்டு. தாய் கேட்கலாம், பிள்ளை விடை சொல்லலாம். பிள்ளை கேட்டால் தாயும் கற்றுக்கொள்ளலாம். பாயில் அமர்ந்து பத்து நிமிடத்திற் செய்யக்கூடிய காரியம் அது.

1879 மார்கழி 5ஆம் திகதி நாவலர் சிவபதம் அடைந்தார். கார்த்திகை மகத்திலே அவரது குருபூசை நடைபெற்று வருகின்றது.

இன்று எமது பாடசாலைகளிலே சைவசமயம் ஒரு பாடமாகவே இருக்கின்றது. பிள்ளைகள் புள்ளியும் எடுக்கின்றார்கள். ஆனால் மாலையிலே விளக்கேற்றும் வேளையில் பிள்ளை ரியூசனில், தந்தை ரி.வி.யின் முன், சுவாமி அறையிலே அம்மம்மா தனியாக. அம்மம்மாவுக்குப் பின் அந்த விளக்கை ஏற்றப்போவது யார்?

அன்பான பெற்றோர்களே, நீண்ட நேரம் பிள்ளையை இருத்தி வைக்க வேண்டியதில்லை. பூப் பறிக்கும் வேலையை மூத்த பிள்ளையிடம் கொடுங்கள். திருநீற்றுத் தட்டைச் சின்னவன் ஏந்தட்டும். தேவாரத்தின் முதலடியை மகள் தொடங்கட்டும். பிழைத்தால் ஏசாமல் சேர்ந்து பாடுங்கள். ஏன் என்று கேட்டால் வாயை அடைக்காமல் விளக்கம் சொல்லுங்கள். தெரியாவிட்டால் நாவலரின் அச்சிறு நூலை இருவருமாகத் திறவுங்கள்.

எமது பிள்ளைகள் ஏற்றும் விளக்கு வீடுதோறும் ஒளிர எம்பெருமான் திருவருள் பாலிப்பாராக.