கிரேஸ் ஹாப்பர் அம்மையார்

கணிப்பொறி தோன்றிய நாளில், அதற்குக் கட்டளை எழுதுவோர் பொறிக்கு விளங்கும் எண்களையே எழுதி வந்தனர். பொறியின் மொழியை மனிதர் பயில்வதினும், மனிதர் மொழியைப் பொறிக்குப் பயிற்றுவதே தக்கது என்று கண்டு, அதனை நிலைநாட்டப் போராடியவர் அமெரிக்க நாட்டுக் கிரேஸ் ஹாப்பர் அம்மையார் ஆவார்.

இவர் 1906ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 9ஆம் நாள் நியூயார்க் நகரில் பிறந்தார். ஏழு வயதில், மணியடித்து எழுப்பும் கடிகாரம் எவ்வாறு இயங்குகிறது என்றறிய அதனைப் பிரித்தார். மீண்டும் பூட்ட இயலவில்லை. அதன் அமைப்பைக் காண மற்றொன்றைப் பிரித்தார். அதுவும் அவ்வாறே ஆயிற்று. வீட்டிலிருந்த ஏழு கடிகாரங்களும் இவ்வாறு பிரிந்து கிடந்தன. அது கண்ட அன்னையார், இனி ஒரு கடிகாரத்தை மட்டுமே பிரிக்கலாம் என்று வரையறுத்தார். மகளின் ஆர்வத்தை அடக்காமல் அளவுபடுத்திய அவ்வன்னையார் நல்லாசிரியர் எனத் தகும்.

அம்மையார் 1934இல் யேல் பல்கலைக்கழகத்தில் கணிதத்தில் டாக்டர் பட்டம் பெற்று, வாசர் கல்லூரியில் கற்பித்து வந்தார். இரண்டாம் உலகப் போரின்போது கடற்படையில் சேர விழைந்தார். வயது மிகுதி, எடை குறைவு என்னும் தடைகள் குறுக்கிட்டன. விடாது முயன்று விலக்குப் பெற்று, 1943இல் சேர்ந்தார். மறு ஆண்டில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்திலிருந்த மார்க் ஒன்று என்னும் பொறியில் பணிபுரிய அனுப்பப்பெற்றார். 51 அடி நீளமும் 8 அடி உயரமும் உடைய அப்பொறி, காகித நாடாவில் இடப்பட்ட துளைகளைக் கட்டளையாகக் கொண்டு இயங்கியது.

1947 செப்டம்பர் 9ஆம் நாள், அங்கேயே மார்க் இரண்டு என்னும் பொறியின் மின்னுறுப்பு ஒன்றனுள் அந்துப்பூச்சி சிக்கியிருந்தது. பணியாளர் அதனை எடுத்து நாட்குறிப்பேட்டில் ஒட்டி, நேரத்தையும் குறித்து வைத்தனர். நிரலிலுள்ள பிழைக்குப் பூச்சி என்னும் பெயரை அம்மையாரே இட்டார் என்பர் சிலர், அது பொருந்தாது. அப்பெயர் பொறியியலாரிடையே முன்னரே வழங்கியதாகும். பூச்சியைக் கண்டெடுத்தவரும் அவரல்லர். அதனைச் சுவைபடச் சொல்லிப் பரப்பியவரே அவர்.

1949இல் அம்மையார் பிலடெல்பியாவில் யூனிவாக் பொறியை உருவாக்கிய நிறுவனத்தை அடைந்தார். பொறி செய்யவேண்டியவற்றை முறைப்படி வகுத்த கட்டளைக் கோவையே நிரல் எனப்படும். ஒருவர் முன்னரே எழுதிச் சரிபார்த்த பகுதியை மற்றொருவர் தம் நிரலில் பயன்படுத்த விரும்பினால், குறிப்பேட்டைப் பார்த்துக் கையால் படியெடுப்பார். எடுத்த பகுதி புதிய இடத்தில் அமைவதால், அதிலுள்ள இட எண்களையெல்லாம் கூட்டித் திருத்தவும் வேண்டும். கற்றறிந்த கணித வல்லுநரும் இதில் தவறினர். ஆங்கில பி என்னும் எழுத்து 13 என்னும் எண்ணாக மாறிவிடும், கூட்டலும் பிழைபடும். ஏட்டைப் பெயர்த்தெழுதுவோர் கைப்பிழையால் பாடம் திரிவதை நம் நாட்டில் அறியாதார் யார்?

படியெடுத்தலும் கூட்டலும் பொறி சோர்வின்றிச் செய்யும் தொழில்கள் அல்லவா? அவற்றை மனிதர் ஏன் செய்யவேண்டும் என்று அம்மையார் வினவினார். சரிபார்த்த பகுதிகளைக் காந்த நாடாவில் தொகுத்து, ஒவ்வொன்றுக்கும் ஓர் அடையாளம் அளித்தார். அடையாளங்களை மட்டும் எழுதிக் கொடுத்தால், உரிய பகுதிகளைத் தேடிக் கோத்து நிரலாக்கும் வேலையைப் பொறியே செய்தது. ஏ-0 எனப்பட்ட இத்தொகுப்பி 1952இல் இயங்கியது. பிற்காலத் தொகுப்பிகளை நோக்க இது எளியதே. ஆயினும், கணக்கிடுவதன்றி நிரல் அமைக்கப் பொறியால் ஆகாது என்று கூறிப் பலர் நெடுநாள் அதனைத் தீண்டவும் இல்லை.

அவர் பின்வாங்கவில்லை. வணிகக் கணக்கர் குறியீடுகளை விரும்பார் என்றுணர்ந்து, ஆங்கிலச் சொற்களாலேயே நிரல் எழுதும் வழியை வகுத்தார். அதனை மேலாளர்க்கு விளக்குங்கால், அதே நிரலைப் பிரெஞ்சுச் சொற்களாலும் ஜெர்மானியச் சொற்களாலும் எழுதிக் காட்டினார். அவர்களோ, அமெரிக்கப் பொறிக்கு அயல்மொழி எங்ஙனம் விளங்கும் என்று திகைத்தனர்! பொறிக்கு எம்மொழிச் சொல்லும் இடுகுறியே என்பதை உணர்த்த அவர் மிக உழைக்க நேர்ந்தது. பின்னர் ஆங்கிலச் சொற்களைக் கொண்டே ஃபுளோமேட்டிக் என்னும் நிரல்மொழி பிறந்தது. 1959இல் கூடிய குழுவினர் அமைத்த கோபோல் மொழிக்கு அதுவே பெருந்துணை ஆயிற்று.

1966இல் கடற்படையிலிருந்து ஓய்வு பெற்றவரை, மறு ஆண்டே ஆறு மாதப் பணிக்கென மீண்டும் அழைத்தனர். கோபோல் பொறிக்குப் பொறி வேறுபட்டதால், ஒன்றில் ஓடிய நிரல் மற்றொன்றில் ஓடாமல் இடர்ப்படுத்தியது. அம்மையார் சோதனை நிரல்களை அமைத்து, மொழியை ஒழுங்குபடுத்தினார். ஆறு மாதம் பல்லாண்டாக நீண்டது.

அவர் தம் அலுவலகத்தில் இடப்புறமாகச் சுழலும் கடிகாரம் ஒன்றை மாட்டியிருந்தார். வழக்கம் இதுவே என்று கூறி மாற்றத்தை மறுப்போர், அதிலும் காலம் சரியாகத் தெரிவதைக் கண்டனர். சொற்பொழிவுகளில் ஏறத்தாழ ஓரடி நீளக் கம்பித் துண்டுகளை வழங்குவார். ஒரு நொடியின் நூறு கோடியில் ஒரு பங்கில் மின்னலை செல்லக்கூடிய தொலைவு அது. அதனைப்போல் ஆயிரமடங்கு நீளமுள்ள கம்பிச் சுருளையும் காட்டி, நிரல் எழுதுவோர் வீணாக்கும் நேரத்தின் அளவு அது என உணர்த்துவார்.

1986இல் தம் 79ஆம் வயதில் ரியர் அட்மிரல் பதவியிலிருந்து ஓய்வு பெற்ற பின்னரும், கணிப்பொறி நிறுவனம் ஒன்றன் ஆலோசகராக விளங்கினார். 1992 ஜனவரித் திங்கள் முதல் நாள் மறைந்தார். அவர் உடல் ஆர்லிங்டன் கல்லறைத் தோட்டத்தில் படை மரியாதையுடன் அடக்கம் செய்யப்பெற்றது.