செடியின் கணக்கை மாற்றிய ஜானகி அம்மாள்



நம் ஆண்டு மலருக்கு ஒரு பெரியவரின் வாழ்க்கையை எழுதணும்னதும் எல்லாரும் எடிசன், ஜி.டி.நாயுடு என்று கிளம்பிட்டாங்க. நான் எடுத்துக்கொண்டது தாவர விஞ்ஞானி ஜானகி அம்மாளை. மெக்கானிக்கல் படிக்கிறவனுக்குச் செடி கொடியில் என்ன வேலை என்கிறீர்களா? காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

1897 நவம்பர் 4-ல் தலச்சேரியில் பிறந்தார். அப்பா நீதிபதி. சகோதரிகள் கல்யாணமாகிப் போக, இவர் மட்டும் படிப்பைப் பிடித்துக்கொண்டார். சென்னை ராணி மேரிக் கல்லூரி, மாநிலக் கல்லூரி, பிறகு உதவித்தொகையில் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகம். 1931-ல் டாக்டர் பட்டம்! கடைசி வரை திருமணம் செய்துகொள்ளவே இல்லை.

1934 முதல் 1939 வரை கோவை கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில் வேலை. கரும்பை மக்காச்சோளத்தோடும் வேறு புல் இனங்களோடும் ஒட்டுச் சேர்த்துப் பார்த்தார். 1939-ல் மாநாட்டுக்காக பிரிட்டன் போனவரை உலகப் போர் அங்கேயே நிறுத்திவிட்டது. லண்டனில் குண்டு விழுந்த நாட்களிலும் ஆராய்ச்சி நிற்கவில்லை. 1945-ல் டார்லிங்டன் என்ற விஞ்ஞானியோடு சேர்ந்து, பயிர்ச் செடிகளின் குரோமோசோம் எண்ணிக்கையைத் தொகுத்துப் பெரிய நூலாக வெளியிட்டார்.

அடுத்து விஸ்லி தோட்டம். அங்கேதான் கால்ச்சிசின் என்ற மருந்தால் செடிகளை மாற்றினார். நம்ம ஊர் வேலியில் மழைக்காலத்தில் சிவப்பும் மஞ்சளுமாகப் பூக்குமே செங்காந்தள், அதன் கிழங்கிலும் இருப்பது இந்த விஷம்தான். தொடாதேடா என்று எங்கம்மா விரட்டுவாங்க!

அது என்ன செய்யும்? செல் பிரியும்போது குரோமோசோம்கள் இரட்டிப்பாகி, இரண்டு பக்கமும் இழுக்கப்பட்டுப் பாதிப்பாதியாகப் பங்கு போகும். இழுக்கிற இழைகளைக் கால்ச்சிசின் உருவாக விடாது. பங்கு பிரியாமல் மொத்தமும் ஒரே செல்லில் தங்கிவிடும். இப்படி மக்னோலியா நாற்றுகளில் 38 குரோமோசோம் 76 ஆனது. இலை பெரிசாச்சு, இதழ் தடிமனாச்சு. அதில் ஒரு ரகத்துக்கு இன்றும் அவர் பெயர்தான்.

1951-ல் பிரதமர் நேரு அழைக்க, நாடு திரும்பி இந்தியத் தாவரவியல் ஆய்வுத் துறையைச் சீரமைத்தார். ஜம்முவிலும், டிராம்பே அணு ஆராய்ச்சி மையத்திலும் பணியாற்றினார். 1970-ல் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு வந்தவர், மதுரவாயல் ஆய்வுத் தோட்டத்திலேயே தங்கிவிட்டார். அப்போது மதுரவாயலும் நம் உத்திரமேரூரும் ஒரே செங்கல்பட்டு மாவட்டம்! 1977-ல் பத்மஸ்ரீ. எண்பது வயதிலும் சைலண்ட் வேலி காட்டை அணைக்காக அழிக்கக்கூடாது என்று குரல் கொடுத்தார். 1984 பிப்ரவரி 7-ல் மறைந்தார்.

இப்போ காரணத்துக்கு வருகிறேன். அவர் நீதிபதி மகள். நான் கூலி வேலைக்குப் போகிறவர் மகன், எங்க குடும்பத்தில் காலேஜ் வாசல் மிதித்த முதல் ஆள். என் தங்கை பத்தாவது படிக்கிறாள். பரீட்சை முடிஞ்சதும் மாப்பிள்ளை பார்த்துடலாம்னு வீட்டில் பேச்சு. வசதியான வீட்டுப் பெண்ணுக்கே, அந்தக் காலத்தில், படிக்கிறேன் என்று ஒற்றையாக நிற்க வேண்டியிருந்தது. என் தங்கையைத் தனியாக நிற்கவிடலாமா? இந்தக் கட்டுரையை அப்பாவுக்கு நானே வாசித்துக் காட்டப்போகிறேன்.

நண்பர்களே, உங்க வீட்டிலும் ஒரு தங்கை இருப்பாள். இந்த மலரை அவள் கையில் கொடுங்கள்!