படுக்கையில் கிடந்தவர் கொடுத்த தராசு

ரீயூனியன் மலருக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று மலர்க்குழு நண்பர்கள் கேட்டபோது, மருத்துவமே படிக்காத ஒரு மனிதரைப் பற்றி எழுதலாம் என்று தோன்றியது. எஸ்.பி.எம். வகுப்பில் நாம் எல்லோரும் கேட்ட பெயர்தான்: சர் ஆஸ்டின் பிராட்ஃபோர்டு ஹில். எந்த மருந்து வேலை செய்கிறது, எது செய்யவில்லை என்று எடைபோடும் தராசை நம் கையில் கொடுத்தவர் அவர்.

ஹில் 1897-ல் லண்டனில் பிறந்தார். அப்பா லியோனார்டு ஹில் பெயர்பெற்ற உடலியல் அறிஞர். மகனுக்கும் டாக்டராகத்தான் ஆசை. ஆனால் நடுவில் முதல் உலகப் போர் வந்துவிட்டது. கடற்படையின் விமானப் பிரிவில் விமானியாகச் சேர்ந்தார். ஏஜியன் கடல் பக்கம் போன இடத்தில் நுரையீரல் காசநோய் பிடித்துக்கொண்டது. பிழைக்கமாட்டார் என்றே ஊருக்கு அனுப்பினார்கள். அன்றைக்கு டி.பி.க்கு மருந்து ஏது? ஓய்வு, நல்ல காற்று, நுரையீரலைச் சுருக்கிவைக்கும் சிகிச்சை, அவ்வளவுதான். ஏறக்குறைய இரண்டு வருஷம் படுத்த படுக்கை. உயிர் பிழைத்தார், ஆனால் மருத்துவப் படிப்பு கைநழுவிப் போச்சு.

மேஜர் கிரீன்வுட் என்ற புள்ளியியல் மேதைதான் அவருக்கு வழிகாட்டினார் (மேஜர் என்பது ராணுவப் பதவி அல்ல, அவர் பெயரே அதுதான்). அவர் யோசனைப்படி ஹில் தபால் மூலம் பொருளாதாரம் படித்து, 1922-ல் லண்டன் பல்கலைக்கழகப் பட்டம் வாங்கினார். அப்புறம் கார்ல் பியர்சனின் வகுப்புகளில் உட்கார்ந்து புள்ளியியல் கற்றார். 1937-ல் லான்செட் இதழில், கணக்கு என்றாலே ஒதுங்கும் டாக்டர்களுக்கும் புரிகிற மாதிரி ஒரு தொடர் எழுதினார். அது புத்தகமாகி, பல பதிப்புகள் கண்டது.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருவோம். போர் முடிந்த சமயம் அமெரிக்காவில் ஸ்ட்ரெப்டோமைசின் கண்டுபிடித்திருந்தார்கள். பிரிட்டனிடம் அதை வாங்க டாலர் இல்லை. கிடைத்ததோ கொஞ்சம். மூளைக்காய்ச்சல், மிலியரி வகைக் காசநோய் வந்தவர்களுக்கு மரணம் நிச்சயம் என்பதால் அவர்களுக்கு முன்னுரிமை. மிச்சத்தை யாருக்குக் கொடுப்பது?

நம்ம மாதிரி டாக்டர்களிடம் விட்டால் என்ன ஆகும்? ஒருவர் தேறக்கூடியவருக்குக் கொடுப்பார். இன்னொருவர் மனசு கேட்காமல் மிக மோசமானவருக்குக் கொடுப்பார். இரண்டிலும் நல்ல எண்ணம்தான், ஆனால் இரண்டிலும் தராசு ஒரு பக்கம் சாய்ந்துவிடும். ஹில் அந்த முடிவை யாரிடமும் விடவில்லை. ராண்டம் எண்களைக் கொண்டு பட்டியல் போட்டு, மூடிய உறைகளுக்குள் வைத்தார். நோயாளி சேர்க்கப்பட்ட பிறகுதான் உறை திறக்கும். எக்ஸ்ரே பார்த்தவர்களுக்கும் யார் எந்தப் பிரிவு என்று தெரியாது.

சேர்ந்தவர்கள் 107 பேர். சுருக்கும் சிகிச்சைக்குக்கூடத் தகுதியில்லாத இளவயது நோயாளிகள். ஊசியோடு ஓய்வு 55 பேருக்கு, ஓய்வு மட்டும் 52 பேருக்கு. ஆறு மாதத்தில் முதல் பிரிவில் இறந்தவர்கள் 4 பேர். இரண்டாவதில் 14 பேர். 1948 அக்டோபரில் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் முடிவு வெளியானது.

மருந்து கிடைக்காத அந்த 52 பேருக்கு, தாங்கள் ஒரு ஆய்வில் இருப்பதே சொல்லப்படவில்லை. இன்றைய நெறிமுறைக் குழு எதுவும் இதை ஒப்பாது. எனக்கும் இது நெருடுகிறது. ஆனால் எல்லோருக்கும் போதாத மருந்தை, செல்வாக்குப் பார்க்காமல் குலுக்கலில் கொடுத்தது அநியாயம் என்றும் சொல்லத் தோன்றவில்லை.

கதை அதோடு முடியவில்லை. முதலில் தேறிய பலர் பிறகு மறுபடி நலிந்தார்கள். கிருமிகள் மருந்துக்கு எதிர்ப்புச் சக்தி பெற்றிருந்தன. விடாமல் கணக்கு வைத்ததால்தான் அது வெளிச்சத்துக்கு வந்தது. அடுத்த ஆய்வில் பி.ஏ.எஸ். சேர்த்துக் கொடுத்தபோது அந்த எதிர்ப்பு வெகுவாகக் குறைந்தது. கூட்டு மருந்து சிகிச்சைக்கு அதுதான் அடித்தளம்.

இதே முறை நம் சென்னைக்கும் வந்தது. 1956-ல் சேத்துப்பட்டில் காசநோய் மருந்தாய்வு மையம் தொடங்கி, நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பாதிப்பேரை வீட்டிலும் பாதிப்பேரைச் சானடோரியத்திலும் வைத்துப் பார்த்தார்கள். நெருக்கடியான வீடு, அரைகுறைச் சாப்பாடு என்றாலும், மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டவர்களுக்கு வீட்டிலேயே ஏறக்குறைய அதே பலன் கிடைத்தது. 1959-ல் வந்த அந்த முடிவு, படுக்கைக்காகக் காத்திருந்த எத்தனையோ ஏழைகளுக்கு வழி திறந்தது.

ரிச்சர்டு டாலுடன் சேர்ந்து புகைபிடித்தலையும் நுரையீரல் புற்றுநோயையும் 1950-ல் முடிச்சுப்போட்டுக் காட்டியவரும் ஹில்தான். அங்கே குலுக்கல் நடக்காது, யாரையும் சிகரெட் பிடி என்று சொல்ல முடியாதே! அப்படிப்பட்ட இடத்தில் காரணத்தை எப்படி எடைபோடுவது என்று 1965-ல் ஒன்பது அளவுகோல்களை வைத்தார். எண்களுக்காகப் பகுத்தறிவை அடகு வைக்காதே என்பதுதான் அதன் சாரம். 1961-ல் சர் பட்டம் பெற்றார். பிழைக்கமாட்டார் என்று அனுப்பப்பட்டவர், 1991-ல் 93 வயதில்தான் மறைந்தார்.

2020-ல் கொரோனா வந்தபோது ஆளுக்கொரு மருந்து சொன்னோம். பிரிட்டனில் குலுக்கல் முறை ஆய்வு ஒன்று ஹைட்ராக்சிகுளோரோகுயின் பலன் தரவில்லை என்றும், மலிவான டெக்சாமெதசோன் ஆக்சிஜன் தேவைப்பட்டவர்களின் உயிர் காக்கிறது என்றும் சில மாதங்களில் சொல்லிவிட்டது. எண்பது வருஷத்துக்கு முந்தைய அதே உறைகளின் வேலைதான்! அடுத்த முறை மெடிக்கல் ரெப் வழவழ காகிதத்தில் ஒரு புது மருந்தின் பெருமையைக் காட்டும்போது, எதோடு ஒப்பிட்டீர்கள், யாருக்கு எது என்று யார் முடிவு செய்தார்கள் என்று இரண்டு கேள்வி கேளுங்கள், நண்பர்களே. அந்த மனிதருக்கு நாம் செய்யும் மரியாதை அதுதான்.