நொடித்த மில்லை நிமிர்த்தியவர்

ஜாம்ஷெட்ஜி டாடா என்றவுடன் நம்மில் பலருக்கு ஜாம்ஷெட்பூர் இரும்பாலையும், பம்பாய் தாஜ் மஹால் ஹோட்டலும், பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகமும்தான் நினைவுக்கு வரும். இவற்றில் 1903-இல் திறக்கப்பட்ட தாஜ் ஒன்றைத்தான் அவர் கண்ணால் பார்த்தார். மற்ற இரண்டும் அவர் காலத்துக்குப் பிறகு உருவானவை. வாழ்ந்த நாளில் ஊரார் அவரை ஒரு மில் முதலாளியாகவே அறிந்திருந்தார்கள். அந்த மில்களில் ஒன்று அவரைக் கிட்டத்தட்ட தெருவில் நிறுத்தப் பார்த்தது. அந்தக் கதை அவ்வளவாகச் சொல்லப்படுவதில்லை.

1839 மார்ச் 3-ஆம் தேதி குஜராத்தில் நவ்ஸாரி என்ற ஊரில், பார்ஸி புரோகிதர் குடும்பத்தில் ஜாம்ஷெட்ஜி பிறந்தார். தலைமுறை தலைமுறையாக வந்த குலத்தொழிலை விட்டு முதலில் வியாபாரத்துக்கு வந்தவர் அவருடைய தகப்பனார் நஸர்வான்ஜி. (இந்த மாறுதல் நம் குடும்பங்கள் பலவற்றுக்கும் தெரிந்த ஒன்றுதான்.) பிள்ளை பம்பாய் எல்ஃபின்ஸ்டன் கல்லூரியில் படித்துவிட்டு, 1858-இல் தகப்பனாரின் வியாபாரத்தில் சேர்ந்தார்.

அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் நடந்த நாலைந்து ஆண்டுகளில் லங்காஷயர் மில்களுக்கு அங்கிருந்து பஞ்சு வரவில்லை. இந்தியப் பஞ்சுக்குக் கிராக்கி ஏறி, பம்பாயில் பணம் புரண்டது. 1865-இல் போர் முடிந்ததும் எல்லாம் ஒரேயடியாகச் சரிந்தது. அப்போது ஜாம்ஷெட்ஜி லண்டனில் இருந்தார். கையில் இருந்த உண்டியல்கள் வெறும் காகிதமாகிவிட்டன. அவர் ஒளியவில்லை. கடன் கொடுத்தவர்களை நேரில் பார்த்து நிலைமையை உள்ளபடி சொன்னார். அவர்கள் செய்த காரியம்தான் விசேஷம். கணக்கைத் தீர்க்கும் பொறுப்பை அவரிடமே விட்டு, அதற்கு மாதம் 20 பவுன் சம்பளமும் கொடுத்தார்கள். பம்பாயில் குடும்பம் வீட்டை விற்றுக் கடனை அடைத்தது. திவால் என்றால் என்ன என்பதை இருபத்தாறு வயதிலேயே அனுபவித்துத் தெரிந்துகொண்டவர் அவர்.

அபிஸீனியப் படையெடுப்புக்குச் சாமான்கள் சப்ளை செய்த காண்டிராக்டில் குடும்பம் மறுபடி தலையெடுத்தது. 1868-இல் 21,000 ரூபாய் முதலில் ஜாம்ஷெட்ஜி தனியாக வியாபாரம் தொடங்கினார். அடுத்த வருஷமே சிஞ்ச்பூக்ளியில் நொடித்துப்போன எண்ணெய் ஆலை ஒன்றை வாங்கினார். எண்ணெய் ஆட்டுவதற்கு அல்ல. அதைப் பருத்தி மில்லாக மாற்றி, அலெக்ஸாண்ட்ரா மில் என்று பெயரிட்டு, இரண்டே ஆண்டுகளில் லாபத்துக்கு விற்றுவிட்டார். கெட்டிக்கார வியாபாரிகள் பலரும் செய்யக்கூடியதுதான் இது.

பிறகு லங்காஷயருக்குப் போய் நூற்புத் தொழிலைத் தெரிந்துகொண்டு வந்து, நாகபுரியில் 1877 ஜனவரி 1 அன்று எம்ப்ரஸ் மில்லைத் திறந்தார். எல்லோரும் பம்பாயையே சுற்றிக்கொண்டிருக்க, பஞ்சு விளையும் இடத்துக்குப் பக்கத்தில் மில்லைக் கொண்டுபோனது அவர் யோசனை. சதுப்பு நிலத்தை மண் போட்டு நிரப்புவதைப் பார்த்த உள்ளூர் லேவாதேவிக்காரர் ஒருவர், தங்கத்தைப் புதைக்கிறார் என்று கேலி செய்து பணம் தர மறுத்ததாகச் சொல்வார்கள். ஆரம்பத்தில் மலிவு இயந்திரங்களை வாங்கியதில் ஜாம்ஷெட்ஜியும் அடிபட்டார். சில ஆண்டுகளில் அவற்றை மாற்றி, அப்போது புதிதாக வந்திருந்த ரிங் ஸ்பிண்டிலை இங்கிலாந்து மில்களே தயங்கிய காலத்தில் பரீட்சித்துப் பார்த்தார். மில்லை நடத்தியவர் பேஸோன்ஜி மேத்தா. ரயில்வே சரக்குப் பிரிவிலிருந்து வந்தவர், நூல் நூற்பதைப் பற்றி ஒன்றும் அறியாதவர். ஆளைப் பார்த்து எடுப்பதில் ஜாம்ஷெட்ஜிக்கு ஒரு தனிக் கண் இருந்தது.

எம்ப்ரஸ் நன்றாக ஓடியது, லாபப் பங்கும் தவறாமல் வந்தது. வேறு யாராக இருந்தாலும் அதோடு நிம்மதியாக இருந்திருப்பார்கள். 1886-இல் அவர் குர்லாவில் இருந்த தரம்ஸி மில்லை வாங்கினார்.

பெரும் பொருட்செலவில் எழுப்பப்பட்டு, பிறகு நொடித்துப்போன மில் அது. பம்பாயின் பெரிய மில்களில் ஒன்று. கட்டிய விலையோடு ஒப்பிட்டால் ஜாம்ஷெட்ஜி கொடுத்த பன்னிரண்டரை லக்ஷம் கொள்ளை மலிவு. மலிவாக வந்ததற்குக் காரணம் வாங்கிய பிறகுதான் முழுசாகத் தெரிந்தது. இயந்திரங்கள் தேய்ந்து ஓய்ந்திருந்தன. பம்பாயில் நல்ல தொழிலாளிகள் கிடைப்பதும் கஷ்டமாக இருந்தது. மில்லுக்கு அவர் வைத்த பெயர் ஸ்வதேசி. இறக்குமதியாகும் சன்ன ரக நூலோடும் துணியோடும் போட்டி போட வேண்டும் என்பது எண்ணம். ஆனால் முதலில் வந்த நூலோ புகார்களைத்தான் கொண்டுவந்தது. பங்கு விலை இறங்கியது. டாடா இந்தத் தடவை சறுக்கிவிட்டார் என்று பஜாரில் பேச்சு.

பாங்க் உத்தியோகத்தில் இருந்த நம் அங்கத்தினர்கள் இந்த மாதிரிக் கேஸ்களை எத்தனையோ பார்த்திருப்பார்கள். 1987 முதல் 2016 வரை நலிந்த கம்பெனிகளுக்கென்று பி.ஐ.எஃப்.ஆர். என்ற வாரியம் இருந்தது. அதில் போட்ட திட்டங்களில், முதலாளி தன் பங்காகப் போட வேண்டிய பணம் என்று ஒரு வரி இருக்கும். பெரும்பாலும் அந்த வரியில்தான் திட்டம் மாட்டிக்கொள்ளும். மற்ற எல்லோரும் விட்டுக்கொடுக்க வேண்டும், முதலாளியின் சொந்த சொத்து மட்டும் பத்திரமாக இருக்க வேண்டும்!

ஜாம்ஷெட்ஜி ஒரு பாங்கில் கடன் கேட்டார், கிடைக்கவில்லை. குடும்பத்துக்காக ஒரு டிரஸ்ட் எழுதி வைத்திருந்தார். தாம் இல்லாவிட்டாலும் பிள்ளைகள் கஷ்டப்படக் கூடாது என்று ஒதுக்கிய சொத்து அது. அதைக் கலைத்தார். நன்றாக லாபம் தந்துகொண்டிருந்த எம்ப்ரஸ் பங்குகளிலும் ஒரு பகுதியை விற்றார். இரண்டையும் ஸ்வதேசியில் போட்டார். வீட்டை விற்றுக் கடன் அடைத்த குடும்பத்தில் வந்தவர், மறுபடி அந்த நிலைக்கு வரக்கூடும் என்று தெரிந்தே செய்தார். இது சரியா என்று கேட்டால் எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. மில் எழுந்திராமல் போயிருந்தால் பிள்ளைகளின் பாதுகாப்பைச் சூதாடியவர் என்றுதான் அவரைப் பேசியிருப்பார்கள்.

ஆனால் பணம் மட்டும் போட்டு அவர் ஒதுங்கவில்லை. நாகபுரியில் பழக்கப்பட்ட, வேலை தெரிந்த ஆட்களைக் குர்லாவுக்கு வரவழைத்தார். உதவாத இயந்திரங்களை மாற்றினார். தொழிலாளிகள் நிலைத்து நிற்க என்ன செய்ய வேண்டும் என்பதை எம்ப்ரஸில் ஏற்கெனவே கற்றிருந்தார். அங்கே ஆரம்ப நாட்களில் தினமும் ஐந்தில் ஒருவர் வேலைக்கு வராமல் இருந்த காலம் உண்டு. அபராதம் போடுவதற்குப் பதில் ஒழுங்காக வருபவர்களுக்குப் பரிசு கொடுத்தார், காற்றோட்டத்துக்கு வசதி செய்தார். 1886-இலேயே ஓய்வூதிய நிதி ஏற்படுத்தினார். சர்க்கார் சட்டம் வர இன்னும் எத்தனையோ வருஷங்கள் இருந்தன.

மெதுவாக நூலின் தரம் உயர்ந்தது. நஷ்டம் நின்று மில் லாபத்துக்கு வந்தது. கிழக்காசியச் சந்தையில் ஸ்வதேசி நூலுக்கு நல்ல பெயர் ஏற்பட்டது. அங்கே சரக்கு அனுப்பக் கப்பல் கம்பெனிகள் கேட்ட கூலி அதிகம் என்று 1893-இல் ஜப்பானியக் கம்பெனியோடு சேர்ந்து தாமே கப்பல் விட்டுப் பார்த்தார். எதிராளிகள் கூலியை அடிமட்டத்துக்கு இறக்கவே அதில் தோற்றார். சன்ன நூலுக்கு வேண்டிய எகிப்துப் பருத்தியை இந்தியாவிலேயே விளைவிக்கலாம் என்று 1896-இல் ஒரு சிறு பிரசுரம் வெளியிட்டார். கடைசிக் காலத்தில் ஆமதாபாத்தில் அட்வான்ஸ் மில்லையும் வாங்கினார். பழைய மில்லைக் கண்டால் அவருக்குக் கை சும்மா இருக்காது போலும். விஞ்ஞானக் கழகத்துக்காக மைசூர் திவான் சர் கே. சேஷாத்ரி ஐயர் காட்டிய ஆதரவு தனிக் கட்டுரைக்கு உரியது.

1904 மே 19-ஆம் தேதி ஜெர்மனியில் பாட் நௌஹைம் என்ற ஊரில் அவர் காலமானார். மறு வருஷம் வங்காளப் பிரிவினையை எதிர்த்து ஸ்வதேசி இயக்கம் எழுந்தது. குர்லா மில்லின் வாசலில் அந்தப் பெயர் அதற்கு ஏறக்குறைய இருபது வருஷங்களுக்கு முன்பே எழுதப்பட்டிருந்தது. அவர் காப்பாற்றிய அந்த மில் நூறு ஆண்டுகளுக்கும் மேல் ஓடி, 2000-இல் நின்றது.