எண்களால் மாலை தொடுத்த மகாவீராசாரியர்

ஜைன ஆசாரியர்கள் அறத்திற்கும் இலக்கணத்திற்கும் காப்பியத்திற்கும் ஆற்றிய தொண்டினை நம்மவர் நன்கறிவர். கணிதத்திற்கு ஆற்றிய தொண்டினை அறிந்தோர் சிலரே. அத்துறையில் அழியாப் புகழ் பெற்றவர் மகாவீராசாரியர்.

இராட்டிரகூட வேந்தனும் ஜைன அறத்தின் புரவலனுமாகிய அமோகவர்ஷன் காலத்தில் (கி.பி. 814–878) கன்னட நாட்டில் வாழ்ந்த இப்பெரியார், தம்மைப் பற்றி விரித்தெழுதினாரல்லர். அவர் நூலே அவர் வரலாறு. அவ்வேந்தனைப் போற்றிச் சுமார் 850-இல் அவர் வடமொழியில் இயற்றிய கணிதசாரசங்கிரகம், பகவான் மகாவீரரை வணங்கித் தொடங்குகிறது. வானநூலின் ஓர் உறுப்பாகவே பெரும்பாலும் கூறப்பட்டு வந்த கணிதத்தை அவர் தனி நூலாக்கினார். வாணிகம், இசை, மருத்துவம், கட்டடக்கலை, சமையல் ஆகிய அனைத்திலும் கணிதம் ஊடுருவி நிற்பதை எடுத்துரைத்தார். குறை எண்ணுக்கு வர்க்கமூலம் இல்லையென அன்றே தெளிந்தார். சுழியால் வகுத்தால் எண் மாறாது என்று அவர் கொண்டது மட்டும் பிற்காலத்தார் திருத்திய பிழையாகும்.

பெருக்கலைக் கற்பிக்குமிடத்தில், இருபுறமிருந்து படித்தாலும் ஒன்றாகவே அமையும் எண்களைக் கழுத்தணியாக உருவகித்தார். 139-ஐ 109-ஆல் பெருக்கின் 15151 வரும். 27994681-ஐ 441-ஆல் பெருக்கின் 12345654321 என்னும் பேரெண் தோன்றும். ஒன்றில் தொடங்கி ஆறுவரை ஏறி, முறையே இறங்கும் எண் என அதனை அவர் வருணித்தார்.

இவ்வழகின் காரணம் எளிது. 441 என்பது 21-இன் வர்க்கம். 27994681 என்பது 5291-இன் வர்க்கம். 21-ஐயும் 5291-ஐயும் பெருக்கினால் 111111 கிடைக்கும். ஆகவே அப்பேரெண் 111111-இன் வர்க்கமாகும். ஆறு ஒன்றுகள் கொண்ட வரிசையை ஒவ்வோரிடம் தள்ளி ஆறுமுறை எழுதிக் கூட்டுங்கால், நடுவிடத்தில் ஆறு ஒன்றுகள் சேரும். இருபுறமும் படிப்படியாகக் குறையும். எவ்விடத்தும் கூட்டுத்தொகை ஒன்பதை மிஞ்சாமையால் மாலை கலைவதில்லை.

11-ஆம் நூற்றாண்டில் பாவுலூரி மல்லனர் இந்நூலைத் தெலுங்கில் ஆக்கினார். பின்னர் ஏட்டுச்சுவடிகளில் உறங்கிய மூலத்தை, சென்னை மாநிலக் கல்லூரிப் பேராசிரியர் மு. ரங்காசாரியர், சென்னையிலும் பிறவிடங்களிலும் கிடைத்த சுவடிகளை ஒப்பிட்டு, ஆங்கில மொழிபெயர்ப்புடன் 1912-இல் சென்னை அரசாங்க அச்சகத்தின் வாயிலாக வெளிப்படுத்தினார். அதன் பின்னரே உலகம் ஆசாரியரின் பெருமையை உணர்ந்தது. அச்சுவடிகளைக் காத்தவர் இலரேல், அந்த மாலையும் நமக்கு இல்லை.

அவர் வாழ்ந்த அதே 9-ஆம் நூற்றாண்டில், 1965 வரை சேலம் மாவட்டத்தைச் சேர்ந்திருந்த தகடூரில், நொளம்பர் ஆட்சியின்கீழ் ஜினாலயம் விளங்கியமையைக் கல்வெட்டு உணர்த்துகிறது. இன்று சேலம், நாமக்கல் சமவெளியில் அத்தகைய சுவடுகள் மங்கிவிட்டன. ஆதலின், பழைய ஏடுகள் எவர் இல்லத்துப் பரணிலேனும் இருப்பின், செல்லரிக்க விடாது காத்தல் நம் கடமை. மாலைப்பொழுதில் மக்களை அருகிருத்தி, 111111-ஐ அதனாலேயே பெருக்கிக் காணச் செய்தலும் அவ்வாசாரியருக்கு நாம் செலுத்தும் வணக்கமே.