குருதி வகை கண்ட லாண்ட்ஸ்டெய்னர்

அச்சமூட்டும் கதைகளை விரும்பிப் படிப்போர் எந்நாட்டிலும் எக்காலத்திலும் உண்டு. அத்தகைய கதைகளுள் உலகப் புகழ் பெற்றது டிராகுலா என்னும் ஆங்கில நாவல். அயர்லாந்தில் பிறந்த பிராம் ஸ்டோக்கர் என்பார் எழுதிய அந்நூல், 1897ஆம் ஆண்டில் இலண்டனில் வெளியாயிற்று. இரவில் எழுந்து வந்து மனிதரின் குருதியைக் குடிக்கும் ஒரு பிரபுவே அக்கதையின் கொடியவன். அவனால் குருதியை இழந்து, நாளுக்கு நாள் வெளிறிப் போகிறாள் லூசி என்னும் இளம்பெண். அவளை மணக்கவிருந்த இளைஞன் முதலில் தன் குருதியை அளிக்கின்றான். அது போதாமற்போகவே, மருத்துவர் இருவரும் நண்பர் ஒருவரும் அடுத்தடுத்துத் தம் குருதியை வழங்குகின்றனர். கொடுப்பவர் உடல் வலிமை உடையவரா, நெஞ்சத் துணிவு உடையவரா என்பவை மட்டுமே அங்கே பார்க்கப்படுகின்றன.

அந்நாவலைப் படித்து நடுங்கியவர்கள், பிரபுவின் கூரிய பற்களை எண்ணியே நடுங்கினர். விவரம் அறிந்து இன்று படிப்பவர் நடுங்கவேண்டிய இடம் வேறு. நால்வரின் குருதியும் அப்பெண்ணுக்கு ஏற்றவைதாமா என்று எவரும் ஆராயவில்லை. இதனை ஆசிரியரின் குற்றமாகக் கொள்ளுதல் தகாது. அவ்வாறு ஆராய்ந்து அறியும் வழி அந்நாளில் உலகின் எந்த மருத்துவருக்கும் தெரியாது. அவ்வழியைக் கண்டு கூறியவர் கார்ல் லாண்ட்ஸ்டெய்னர். அவரும் அந்நாளில் வியன்னா நகரில் பெயர் அறியப்படாத ஓர் இளம் மருத்துவராகவே இருந்தார்.

கதையில் லூசி நால்வரின் குருதியையும் ஏற்றுக்கொண்டாள். மெய்வாழ்வில் நிகழ்ந்தது வேறு. குருதி உடல் முழுதும் சுற்றி ஓடுகிறது என்பதை ஆங்கில மருத்துவர் வில்லியம் ஹார்வி 1628ஆம் ஆண்டில் நூலாக எழுதி வெளியிட்டார். அதன்பின், ஓர் உடலிலிருந்து மற்றோர் உடலுக்குக் குருதியைச் செலுத்தினால் என்ன என்னும் எண்ணம் பலருக்கு எழுந்தது. 1667ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டு மருத்துவர் தெனி என்பவர், ஆட்டுக்குட்டியின் குருதியை ஒரு சிறுவனுக்குச் செலுத்தினார். சிறுவன் பிழைத்தான். ஆனால், பின்னர் இம்முறையில் விலங்கின் குருதி பெற்ற ஒருவன் இறந்தான். வழக்கு மன்றம் வரை சென்ற அச்செய்தி மருத்துவரைத் திகைக்க வைத்தது. குருதி செலுத்துதல் தடை செய்யப்பட்டது. ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகள் கழித்து, இலண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பிளண்டல், மனிதருக்கு மனிதரின் குருதியையே செலுத்தவேண்டும் எனத் துணிந்து அவ்வாறே செய்தார். மகப்பேற்றில் குருதி இழந்து மாளும் தாய்மாரைக் காப்பதே அவர் நோக்கம். சிலர் பிழைத்தனர், சிலர் நடுங்கி, மூச்சுத் திணறி இறந்தனர். மருத்துவர் அவரே, கருவிகளும் அவையே, ஆயினும் முடிவு மட்டும் மாறுபட்டது. காரணம் யாதென ஒருவராலும் கூற இயலவில்லை.

இப்புதிரை விடுவிக்கப் பிறந்த லாண்ட்ஸ்டெய்னர், 1868ஆம் ஆண்டு ஜூன் திங்கள் 14ஆம் நாள் தோன்றினார். தந்தையார் லியோபோல்டு புகழ் பெற்ற செய்தித்தாள் ஆசிரியர். மகனுக்கு ஆறு வயது ஆனபோதே அவர் மறைந்தார். அதன்பின் தாயார் பேணி நின் வளர்ப்பில் வளர்ந்த மகன், அவர்பால் அளவற்ற அன்பு பூண்டிருந்தார். தாயார் மறைந்த பின் அவர்தம் முகத்தின் வார்ப்பை எடுத்துத் தம் அறைச்சுவரில் மாட்டி, இறுதிவரை போற்றி வந்தார்.

1891ஆம் ஆண்டில் வியன்னாப் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்றார். பட்டம் பெற்றதும் பொருள் ஈட்டப் புறப்படுதல் இளைஞர் இயல்பு. இவரோ, நோயின் காரணத்தை அறிய வேதியியல் வேண்டும் என்று உணர்ந்து, ஜெர்மனியிலும் சுவிட்சர்லாந்திலும் பேராசிரியர் சிலரிடம் மீண்டும் மாணவராய் அமர்ந்தார். பின்னர் வியன்னாவுக்குத் திரும்பி, பிணங்களை அறுத்து ஆராயும் துறையில் 1898 முதல் பத்து ஆண்டுகள் பணியாற்றினார். அப்பத்து ஆண்டுகளில் அவர் அறுத்து ஆராய்ந்த உடல்கள் 3,639. பகலெல்லாம் பிணவறை, எஞ்சிய பொழுதெல்லாம் ஆராய்ச்சி மேசை. பிறரொடு கலந்து பேசுதலில் அவருக்கு நாட்டம் குறைவு.

1900ஆம் ஆண்டில் அவர் எழுதிய கட்டுரை ஒன்றில், பக்கத்தின் அடியில் ஒரு சிறு குறிப்பு இருந்தது. நலமுள்ள ஒருவரின் குருதிநீர், நலமுள்ள மற்றொருவரின் சிவப்பணுக்களைத் திரளச் செய்கிறது என்பதே அக்குறிப்பு. திரளுதலை அவருக்கு முன்னரும் சிலர் கண்டிருந்தனர். ஆனால், அஃது ஏதோ நோயின் விளைவு என்று கருதி விட்டுவிட்டனர். நலமுள்ளவரிடமும் அது நிகழ்வதைக் கண்டு, அதன் காரணத்தைத் தேடியதே லாண்ட்ஸ்டெய்னரின் சிறப்பு.

அவர் செய்த சோதனை மிக எளியது. தம்மையும் உடன் பணியாற்றிய ஐவரையும் சேர்த்து அறுவரிடமிருந்து சிறிது குருதி எடுத்தார். குருதியை ஒரு குழாயில் ஊற்றி வைத்தால், சற்று நேரத்தில் அது உறைந்து, மேலே மஞ்சள் நிறமான தெளிந்த நீர் நிற்கும். அதனைச் சீரம் என்பர். ஒவ்வொருவர் சீரத்தையும் ஒவ்வொருவர் சிவப்பணுக்களோடு தனித்தனியே கலந்தார். தம் சீரமும் தம் அணுக்களும் கலந்த இடத்தில் எவருக்கும் மாற்றம் நிகழவில்லை. வேறு சில கலவைகளிலும் அணுக்கள் முன்போலவே சிதறி நின்றன. மற்றவற்றிலோ, அணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிச் சிறுசிறு கட்டிகளாயின. முடிவுகளை அவர் கட்டமிட்டு எழுதியபோது, அறுவரும் இருவர் இருவராக மூன்று கூட்டமாய்ப் பிரிந்தனர். அவற்றிற்கு ஏ, பி, சி எனப் பெயரிட்டார். சி எனப்பட்டதே பின்னாளில் ஓ எனப் பெயர் பெற்றது. லாண்ட்ஸ்டெய்னரின் குருதியும் அவ்வகையைச் சார்ந்ததே. இவற்றை விளக்கும் கட்டுரை 1901ஆம் ஆண்டில் வெளிவந்தது. மிகச் சிலரிடமே காணப்படும் ஏபி என்னும் நான்காம் வகை, அவ்வறுவருள் எவரிடமும் இல்லாமையால் அவர் கண்ணில் படவில்லை. அடுத்த ஆண்டே அவருடைய துணைவர்கள் அதனையும் கண்டுபிடித்தனர்.

ஏ வகைச் சிவப்பணுவின் மேற்புறத்தில் ஒருவகைப் பொருளும், பி வகை அணுவின்மேல் வேறொரு பொருளும் உள்ளன. ஏபி வகையில் இரண்டும் உண்டு. ஓ வகையில் இரண்டும் இல்லை. தன்னிடம் இல்லாத பொருளை எதிர்க்கும் ஆற்றல் ஒவ்வொருவர் சீரத்திலும் இருக்கிறது. ஆகவே, ஏ வகையினர் உடலில் பி வகைக் குருதி புகுந்தால், புகுந்த அணுக்கள் திரண்டு சிதைகின்றன. சிறுநீரகம் கெட்டு உயிரே போய்விடுதலும் உண்டு. பிளண்டலின் நோயாளிகள் சிலர் பிழைத்தமைக்கும் சிலர் மாண்டமைக்கும் காரணம் இப்போது விளங்கும். கொடுத்தவரின் வலிமையோ துணிவோ அங்கே பயன்படவில்லை.

இத்துணைப் பெரிய உண்மையை உலகம் உடனே ஏற்றுக்கொண்டதா எனில், இல்லை. கட்டுரை வெளிவந்த பின்னரும் பல ஆண்டுகள் மருத்துவர்கள் வகை பாராமலே குருதி செலுத்தினர், நோயாளிகளும் இறந்தனர். 1907ஆம் ஆண்டில் நியூயார்க்கு மருத்துவர் ரூபன் ஓட்டன்பர்க், கொடுப்பவர் குருதியையும் பெறுபவர் குருதியையும் முன்கூட்டியே கலந்து பார்த்துச் செலுத்தும் வழக்கத்தைத் தொடங்கினார். முதல் உலகப் போரில் காயமுற்ற வீரர்கள் மிகுந்த பின்னரே அவ்வழக்கம் பரவலாயிற்று.

லாண்ட்ஸ்டெய்னர் அதற்குள் வேறு துறைக்குச் சென்றிருந்தார். இளம்பிள்ளை வாதம் கண்ணுக்குப் புலனாகாத மிக நுண்ணிய கிருமியால் உண்டாவது என்பதை, 1908ஆம் ஆண்டில் எர்வின் பாப்பர் என்பவருடன் சேர்ந்து குரங்குகளைக் கொண்டு மெய்ப்பித்தார். போர் முடிந்ததும் வியன்னாவில் பசியும் குளிரும் சூழ்ந்தன. மனைவியையும் சிறு மகனையும் காக்க வேண்டி, அவர் ஆலந்து நாட்டுக்குச் சென்று ஒரு சிறிய மருத்துவமனையில் பணி ஏற்றார். சிறுநீரையும் குருதியையும் நாள்தோறும் சோதித்துக் கூறும் எளிய வேலை அது. உலகம் போற்றவேண்டிய ஆராய்ச்சியாளர் ஒருவர் ஐம்பது வயதுக்கு மேல் அவ்வாறு உழன்றார் என்பது வருந்தத்தக்கது. சில ஆண்டுகளில் நியூயார்க்கு நகரத்து ராக்ஃபெல்லர் ஆராய்ச்சி நிலையம் அவரை அழைத்துக்கொண்டது.

1930ஆம் ஆண்டில் அவருக்கு மருத்துவத்திற்கான நோபல் பரிசு கிடைத்தது. கண்டுபிடிப்புக்கும் பரிசுக்கும் இடையே ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் சென்றிருந்தன. ஓய்வு பெற்ற பின்னும் அவர் ஆராய்ச்சியை நிறுத்தவில்லை. 1940ஆம் ஆண்டில், தம் எழுபத்திரண்டாம் வயதில், அலெக்சாண்டர் வீனருடன் சேர்ந்து ஆர்எச் என்னும் மற்றொரு குருதிக்கூற்றை வெளியிட்டார். ரீசஸ் என்னும் குரங்கினத்தைக் கொண்டு கண்டமையால் அப்பெயர் அமைந்தது. வகை ஒத்திருந்தும் சிலருக்குத் தீங்கு நேர்ந்தது ஏன், நலமுள்ள தாய்க்குப் பிறக்கும் குழந்தை சில வேளைகளில் குருதி சிதைந்து இறந்தது ஏன் என்னும் வினாக்களுக்கு அதனால் விடை கிடைத்தது.

1943ஆம் ஆண்டு ஜூன் 24ஆம் நாள், ஆராய்ச்சி மேசையில் கண்ணாடிக் குழாயைக் கையில் பிடித்திருந்த நிலையிலேயே மாரடைப்பு அவரைத் தாக்கியது. இரண்டு நாள் கழித்து, 75ஆம் வயதில், அந்நிலையத்து மருத்துவமனையிலேயே உயிர் நீத்தார். அப்போது இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. கடல் கடந்து சென்ற அமெரிக்கப் போர்வீரர் ஒவ்வொருவர் கழுத்திலும் ஓர் அடையாளத் தகடு தொங்கியது. அதில் வீரரின் பெயரும் எண்ணும் பொறிக்கப்பட்டிருந்தன. அவற்றோடு அவருடைய குருதி வகையும் இருந்தது.