மரை வேட்டைக்காரர் பேக்கரும் நமது மலைகளின் மான் சட்டமும்

பசறை, மடுல்சீமை, லுணுகலை பக்கத்தில் யாராவது மரை இறைச்சியோடு பிடிபட்டால் அது மூன்று வரிச் செய்தி. எந்தத் தோட்டம், எத்தனை கிலோ, எந்த நீதவான் நீதிமன்றம். அதோடு முடிந்துவிடும். படிக்கிறவர்களும் அடுத்த செய்திக்குப் போய்விடுவார்கள். இதே மலைகளில் மரை கொன்று உலகப் பெயர் வாங்கிய ஒருவரும் உண்டு. ஹோர்ட்டன் சமவெளிக்குச் சுற்றுலா போகிறவர்கள் அவர் பெயரைச் சொல்லாமல் திரும்ப முடியாது. அங்குள்ள நீர்வீழ்ச்சிக்கே பேக்கர் நீர்வீழ்ச்சி என்றுதான் பெயர்.

சேர் சாமுவேல் வைட் பேக்கரை உலகம் நைல் நதியின் மூலத்தைத் தேடிப் போனவராகத்தான் நினைவில் வைத்திருக்கிறது. எனக்கு அவருடைய ஆபிரிக்காவைவிட, அதற்கு முந்திய இலங்கை வாழ்க்கைதான் முக்கியமாகப் படுகிறது. மான் வேட்டைக்கு நம் நாட்டில் பிறகு வந்த சட்டங்களின் வேர் அங்கேதான் இருக்கிறது.

அவர் பிறந்தது 1821 ஜூன் 8ஆம் திகதி, இலண்டனில். தகப்பனார் கப்பல்களும் ஜமேக்காவிலும் மொரிசியசிலும் கரும்புத் தோட்டங்களும் வைத்திருந்த பெரிய வியாபாரி. 1843இல் பேக்கருக்கும் அவருடைய தம்பி ஜோனுக்கும் ஒரே நாளில் கல்யாணம். மணப்பெண்கள் அக்கா தங்கை. மொரிசியஸ் தோட்டத்தைப் பார்க்கப் போனவருக்கு அங்கே மனம் ஒட்டவில்லை. யானை வேட்டைக்குப் பேர்போன இலங்கை 1845 அளவில் அவரை இழுத்தது. அப்போது அவருக்கு வயது 24.

அந்த வேட்டைப் புகழின் பெரும்பங்கு நமது பதுளைக்கு உரியது. பதுளையில் உதவி அரசாங்க அதிபராக இருந்த மேஜர் தோமஸ் வில்லியம் ரொஜர்ஸ் 1,400க்கும் மேற்பட்ட யானைகளைச் சுட்டுக் கொன்றதாகச் சொல்லப்படுகிறது. 1845 ஜூன் 7ஆம் திகதி ஹப்புத்தளையில் இடி விழுந்து அவர் இறந்தார். அவர் நினைவாகக் கட்டியதுதான் பதுளை நகரில் இன்றும் நிற்கும் புனித மாற்கு தேவாலயம். பேக்கரும் தன் நூலில் ரொஜர்ஸைக் குறிப்பிடுகிறார். இருவரும் ஒரே காலத்து மனிதர்கள். காட்டு விலங்கைக் கொல்வது அப்போது குற்றமாக இருக்கவில்லை, யானையைக் கொன்றால் அரசாங்கமே பணம் கொடுத்தது. 1848க்கு முந்திய மூன்று ஆண்டுகளுக்கும் குறைவான காலத்தில் வட பகுதியில் மட்டும் 3,500க்கு மேற்பட்ட யானைகளுக்கு அந்தப் பணம் போனது. 1851க்கும் 1856க்கும் இடையில் தென் மாகாணத்தில் ஏறக்குறைய 2,000. இவை அக்காலத்தில் குடியேற்றச் செயலாளராக இருந்த எமர்சன் டெனன்ட் பதிந்துவைத்த எண்கள்.

யானைக்கு எண் இருப்பதற்குக் காரணம் இந்தப் பணம்தான். வாலைக் கொண்டுவந்து காட்டினால் கணக்கில் எழுதிக் காசு கொடுத்தார்கள். மானுக்கும் மரைக்கும் அப்படி யாரும் கொடுக்கவில்லை, அதனால் யாரும் எண்ணவுமில்லை. ஊவாவில் அந்த நூற்றாண்டில் எத்தனை மரை விழுந்தது என்று சொல்ல அரசாங்கப் பதிவு கிடையாது. வேட்டைக்காரர் தமக்காக எழுதிய நாட்குறிப்புகளில் இருப்பதுதான் மிச்சம். அப்படி எழுதியவர்களில் முதன்மையானவர் பேக்கர்.

முதற் பயணத்தில் தாழ்நிலக் காடுகளில் வேட்டையாடி, காட்டுக் காய்ச்சலில் விழுந்த பேக்கரை உடம்பு தேறுவதற்காக நுவரெலியாவுக்கு அனுப்பினார்கள். இரண்டு கிழமையில் எழுந்து நடந்துவிட்டார். குளிரும் காற்றும் பிடித்துப்போய், இங்கேயே ஓர் ஆங்கிலக் கிராமத்தை உண்டாக்கிவிடலாம் என்று நினைத்தார். 1848இல் ஒரு கப்பல் நிறைய ஆட்களும் மாடுகளும் செம்மறிகளும் விவசாயக் கருவிகளும் வந்திறங்கின. கொல்லன் வந்தான், பண்ணை மேற்பார்வையாளர் வந்தார், வேட்டை நாய்க் கூட்டமும் வந்தது. மலைப் பாதையில் வண்டி கவிழ்ந்ததும், குடித்துவிட்டு யானையை ஓட்டிக் கொன்ற குதிரைக்காரனின் கதையும் அவருடைய நூலில் சிரிப்பாகச் சொல்லப்பட்டிருக்கும். அந்த யானையின் பக்கத்திலிருந்து பார்த்தால் அதில் சிரிக்க ஒன்றுமில்லை.

பண்ணை சரியாகப் போகவில்லை. ஆடுமாடுகள் நோயில் செத்தன. உருளைக்கிழங்கைப் புழு தின்றது. விதைத்த ஓட்ஸ் பயிரை இரவில் மரையும் காட்டுப் பன்றியும் வந்து மேய்ந்துவிட்டுப் போயின. மரக்கறித் தோட்டம் போட்டுப் பன்றிக்குக் கொடுத்த நம் ஊர்க்காரர் எவருக்கும் இந்த இடம் நன்றாக விளங்கும். ஒரு வித்தியாசம், பேக்கருக்கு அதற்குப் பதில் சொல்ல நாயும் கத்தியும் குதிரையும் இருந்தன, தடுக்கச் சட்டம் இருக்கவில்லை.

மரையை ஆங்கிலேயர் எல்க் என்று பிழையாக அழைத்தார்கள். அது வட நாட்டில் வாழும் வேறொரு மான். நுவரெலியாப் பக்கத்தில் எல்க் சமவெளி என்று ஓர் இடத்துக்கு இன்றும் பெயர் இருப்பது அந்தத் தவறின் மிச்சம். மலைநாட்டில் மரையைத் துப்பாக்கியால் சுடுவதை பேக்கர் மதிப்பதில்லை. விடியற்காலையில் நாய்களை விட்டு மோப்பம் பிடிக்கவைப்பார். நரி வேட்டை நாயையும் மோப்ப நாயையும் கலந்து வளர்த்த கூட்டம் அது. ஓடிப் பிடிப்பதற்குத் தனியாக வேகநாய்களும் உண்டு. துரத்தப்பட்ட மரை கடைசியில் ஓடைக்குள் இறங்கி, பாறைக்கு முதுகு கொடுத்து நிற்கும். கொம்பால் குத்தும், காலால் மிதிக்கும். நல்ல நாய்கள் பல அப்படித்தான் செத்தன. அந்த நேரத்தில் பேக்கர் தண்ணீருக்குள் இறங்கி, கையிலுள்ள கத்தியால் மரையை முடிப்பார். செத்த நாய்களுக்காக அவர் வருந்தி எழுதியிருப்பது உண்மையான வருத்தம். ஒவ்வொன்றின் பெயரும் குணமும் அந்த நூலில் உண்டு. கூடவே காட்டுக்குள் ஓடிய நம் நாட்டு ஆட்களைப் பற்றி எழுதும்போது அந்த அன்பு அவரிடம் இல்லை. வேடுவரைப் பற்றி எழுதிய பக்கங்களில் இகழ்ச்சிதான் மிகுதி.

மலையில் மரை என்றால், புள்ளிமானுக்கு அவர் கீழே இறங்குவார். நுவரெலியாவிலிருந்து பதுளை வழியாகப் பிபிலை, நில்கல பக்கத்துப் புல்வெளிகளுக்குப் போகும் பயணங்கள் அவை. அந்தப் பகுதிக்கு ஆங்கிலேயர் வைத்த பெயர் பார்க். ஒரு பிரபுவின் மாளிகைத் தோட்டம் போலப் புல்லும் இடையிடையே மரமுமாக, மான் கூட்டம் மேய்ந்து நிற்கும் இடம் என்று பொருள்.

இங்கே நான் கொஞ்சம் நிற்க வேண்டும். அந்த நிலம் இயற்கையாகவே வெறுமையாக இருந்ததல்ல. வெல்லஸ்ஸ என்ற சொல்லுக்கே நூறாயிரம் வயல் என்றுதான் பொருள். 1817-18 ஊவா எழுச்சியை அடக்கியபோது பிரித்தானியப் படை ஊர்களை எரித்தது, பயிரை அழித்தது, கால்நடைகளைக் கொன்றது. தப்பியவர்கள் பஞ்சத்திலும் நோயிலும் மடிந்தார்கள். பேக்கர் வந்தபோது அது நடந்து முப்பது ஆண்டுகள்தான். மனிதர் போன இடத்தில் புல் வளர்ந்தது, புல்லுக்கு மான் வந்தது, மானுக்குத் துரை வந்தார். பார்க் என்று அவர் வியந்து பார்த்த நிலத்தில் ஒரு பங்காவது எரிக்கப்பட்ட ஊர்களின் வயலாக இருந்திருக்கும் என்றே நான் நினைக்கிறேன்.

அதே ஆண்டுகளில் இந்தப் பக்கம் கோப்பித் தோட்டங்களுக்காகக் காடு விழுந்துகொண்டிருந்தது. காட்டை வெட்டியவர்களில் நமது முன்னோர் இருந்தார்கள். மன்னாரிலிருந்து நடந்து வந்து, வழியில் பலரை இழந்தவர்களின் கையில்தான் கோடரி இருந்தது. மரை குறைந்ததற்கு பேக்கரின் நாய்களைவிடக் கோப்பிதான் பெரிய காரணம் என்பது என் அபிப்பிராயம். கோப்பி அழிந்து தேயிலை வந்தபோதும் காடு திரும்பவில்லை.

ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். பேக்கர் வெறும் கசாப்புக்காரர் அல்ல. வேட்டைக்காரன் வேறு, கொலைகாரன் வேறு என்று பிரித்து எழுதியவர் அவர். விலங்குக்குத் தப்பிக்க ஒரு வாய்ப்பு இருக்க வேண்டும், ஆபத்தில் இருவருக்கும் பங்கு வேண்டும் என்பது அவருடைய நியாயம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த நியாயத்தைக் கடைப்பிடிக்கக் குதிரையும் நாய்க் கூட்டமும் ஓய்வும் வேண்டும். பசிக்குக் கண்ணி வைக்கிறவன் அந்தக் கணக்கில் எப்போதும் தாழ்ந்தவன்தான்.

1855இல், உடல் நலம் கெட்டு, பேக்கர் இலங்கையை விட்டுப் போனார். அந்த ஆண்டு டிசெம்பரில் பிரான்ஸ் நாட்டு மலையடிவாரத்தில் மனைவி காய்ச்சலில் இறந்தார். நான்கு பெண் பிள்ளைகள் தாயில்லாமல் நின்றார்கள். பிறகு நடந்தவை உலகம் அறிந்தவை. 1859இல் டான்யூப் கரையில் விடின் நகரத்து அடிமைச் சந்தையில் கண்ட ஃபுளோரன்ஸ் என்ற இளம் பெண்ணை மீட்டு, பின்னர் மணந்துகொண்டார். அவரோடுதான் 1864 மார்ச்சில் அல்பேர்ட் ஏரியை அடைந்தார். 1866இல் சேர் பட்டம் கிடைத்தது. 1869 முதல் 1873 வரை எகிப்து அரசருக்காக மேல் நைல் பகுதியில் ஆளுநராக இருந்து அடிமை வியாபாரத்தை ஒழிக்க முயன்றார். 1893 டிசெம்பர் 30ஆம் திகதி இங்கிலாந்தின் டெவன் பகுதியிலிருந்த தன் வீட்டில் இறந்தார்.

அவர் இறந்து ஐந்து மாதம்கூட ஆகவில்லை, 1894 மே மாதத்தில் இலங்கையில் வேட்டை விலங்குப் பாதுகாப்புச் சங்கம் தொடங்கியது. தொடங்கியவர்கள் பெரும்பாலும் தோட்டத் துரைமாரும் வேட்டைக்காரர்களும்தான். மான் தோலும் கொம்பும் காய்ந்த இறைச்சியும் வியாபாரமாவதை நிறுத்த வேண்டும் என்பது அவர்களுடைய கோரிக்கைகளில் முக்கியமானது. யானை, எருமை, ஏனைய வேட்டை விலங்குகளை வீணாக அழிப்பதைத் தடுக்கும் கட்டளைச் சட்டம் அதற்கு முன்பே, 1891இல், வந்திருந்தது. 1909இல் இன்னொன்று. 1937இல் வந்த விலங்கினங்கள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம்தான் திருத்தங்களோடு இன்றும் நடைமுறையில் இருக்கிறது. அடுத்த ஆண்டு யாலவும் வில்பத்துவும் தேசியப் பூங்காக்கள் ஆயின.

ஆரம்பச் சட்டங்களைப் படித்தால் பேக்கரின் நியாயம் சட்ட மொழியில் எழுதப்பட்டது போலவே எனக்குத் தோன்றும். அனுமதிப்பத்திரம் வாங்கு, வேட்டைக் காலத்தில் மட்டும் சுடு. பணமும் துப்பாக்கியும் உள்ளவருக்கு அது ஒரு ஒழுங்கு. இல்லாதவருக்கு அது தடை. அனுமதிப்பத்திரம் வாங்கியவர் சுட்டது கணக்கில் ஏறும், கண்ணியில் விழுந்தது எந்தக் கணக்கிலும் ஏறாது. அதனால் பிந்திய காலத்து எண்களையும் நான் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் பார்க்கிறேன். பிறகு மெல்ல மெல்ல விளையாட்டு வேட்டை மறைந்து, மானும் மரையும் முழுப் பாதுகாப்புக்குள் வந்தன. இப்போது யாருக்கும் அனுமதி இல்லை.

இதில் மிகப் பெரிய விலை கொடுத்தவர்கள் வேடுவர்கள். அவர்களுடைய தம்பானை கிராமம் நமது பதுளை மாவட்டத்தில்தான், மகியங்கனைக்குப் பக்கத்தில் இருக்கிறது. 1983இல் மாதுறு ஓயா தேசியப் பூங்கா பிரகடனப்படுத்தப்பட்டபோது, வில்லும் அம்புமாகத் தலைமுறைகளாக மான் தேடிய காடு ஒரே நாளில் அவர்களுக்கு மூடப்பட்டது. பலர் குடியேற்றக் கிராமங்களுக்குப் போனார்கள். அவர்களுடைய முதிய தலைவர் திசாஹாமி போக மறுத்துத் தம்பானையிலேயே இருந்து, 1998இல் இறந்தார். மரையை அழித்த பட்டியலில் அவர் சனத்தின் பெயர் எங்கேயும் முதலில் இருந்ததில்லை.

இவ்வளவு சொன்னதால் சட்டம் வேண்டாம் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. சட்டம் இல்லாவிட்டால் இன்று மரையைப் படத்தில்தான் பார்ப்போம். நமது தோட்டங்களில் இப்போது வைக்கும் கம்பிச் சுருக்கு பழைய கண்ணியைவிட மோசமானது. பன்றிக்கென்று வைத்ததில் மரை விழுகிறது, கேளையாடு விழுகிறது, சிறுத்தை விழுகிறது. 2020 மே மாதத்தில் நல்லதண்ணிப் பக்கத்துத் தோட்டமொன்றில் கம்பியில் சிக்கிய கருஞ்சிறுத்தை மூன்று நாளில் செத்தது. நாடே அதற்காக வருந்தியது. கம்பி வைத்தவனைத் திட்டியவர்களில் எத்தனை பேர் லயத்துக்குப் பின்னாலுள்ள அவன் மரக்கறிப் பாத்தியைப் பன்றி கிளறிப் போட்டதை யோசித்தார்கள் என்று தெரியவில்லை. பேக்கரின் ஓட்ஸ் பயிரை மேய்ந்த அதே பன்றிதான். வேலி போட உதவி, பயிருக்கு நட்டஈடு என்ற பேச்சு வரும்போது, சொந்தக் காணியே இல்லாத தோட்டக்காரர் எந்தப் பத்திரத்தைக் காட்டுவார்?

பதுளை மாவட்டத்தின் ஒஹியா பக்கமாக ஏறினால் ஹோர்ட்டன் சமவெளி வரும். 1969இல் அது ஒதுக்கிடமாகவும் 1988இல் தேசியப் பூங்காவாகவும் ஆனது. பேக்கர் அங்கே கண்ட யானைகள் இன்று இல்லை. மரை இருக்கிறது, நிறையவே இருக்கிறது. தோமஸ் ஃபார் என்ற வேட்டைக்காரத் துரையின் பெயரைத் தாங்கிய பழைய விடுதிக் கட்டடத்துக்கு முன்னால், கொம்புள்ள ஆண் மரைகள் வாகனத்துக்கு வாகனம் நடந்து, பிள்ளைகள் நீட்டும் பிஸ்கட்டுக்காக முகத்தை நீட்டுகின்றன. உணவு கொடுக்க வேண்டாம் என்று பலகை மாட்டியிருக்கிறார்கள். மரைகள் பொலித்தீனையும் சேர்த்துத் தின்கின்றன.